கல்மரமும் ஏரிக்கரையும்

நம்முடைய ஊரின் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் திகைப்பது வழக்கம். "காட்டேரிக்குப்பமா?" என்று இன்னொரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக் கொள்வார்கள். இரவு வேளையில் குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கென்றே ஏற்பட்ட ஒரு துஷ்ட தேவதையின் பெயரை ஓர் ஊர் எதற்காகச் சுமக்க வேண்டும் என்பது அவர்களுடைய சந்தேகம். ஒரு சமயம் கல்யாணப் பேச்சுக்காக வந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் திருப்திதான், பத்திரிகையில் ஊர்ப் பெயரைப் போடும்போது மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார். அவருக்கு நாம் சொன்ன சமாதானம் இது: "ஐயா, இது காட்டேரி அல்ல, காட்டு ஏரி. காட்டை அடுத்து ஏரி. ஏரியை அடுத்து எங்கள் குப்பம்."

இந்தப் பதவுரை சரிதானா என்று தீர்ப்பளிக்க நாம் பண்டிதர் அல்லோம். ஆயினும் சாட்சியத்தைப் பார்த்தால், ஏரி கண்ணெதிரே இருக்கிறது. காட்டேரியைக் கண்டவர்களோ ஊரில் ஒருவரும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏரியைக் காட்டேரியாக்கிப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் வேலையை நாமே பல வருஷ காலமாகச் செய்து வந்திருக்கிறோம். "ஏரிப் பக்கம் போகாதே!" என்பது நம் வீட்டுச் சட்டங்களுள் முதலாவது. நம் மகனுக்கு அதைச் சொன்னோம். பின்னர் பேத்திக்கும் சொன்னோம். அந்தச் சட்டம் எப்படி ஏற்பட்டது, எப்படித் திருத்தப்பட்டது என்பதைத்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

புதுச்சேரி என்றவுடன் வெளியூர் நேயர்களுக்குக் கடற்கரையும், நேர்கோடு கிழித்தாற்போன்ற வீதிகளும் நினைவுக்கு வரும். அது பட்டணம். பட்டணத்தை விட்டு மேற்கே வந்தால் வில்லியனூர், தெற்கே பாகூர், வடமேற்கே மண்ணாடிப்பட்டு. இவையெல்லாம் கொம்யூன்கள். பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது; 'கொம்யூன்' என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. நம் ஊர் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் தறியிலே பாவும் ஊடையும் போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்பில் நின்று தும்மினால் அடுத்த ராஜ்யத்தில் "நூறு வயசு!" என்று சொல்வார்கள்.

பட்டணத்தில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. நடுநாயகமாகப் பாரதி பூங்கா இருக்கிறது. பழைய பஸ் நிலையத்துக்குச் சமீபத்தில் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அது 1826-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. பெரொத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் அதை வளர்த்துப் பேணினார். 1870-ஆம் வருஷத்தில் இந்த ஊரிலேயே அவர் காலமானார். அந்தத் தோட்டம் சும்மா உலாவுவதற்காகப் போட்டதன்று. இந்த மண்ணில் எந்தப் பயிர் பிழைக்கும், எது மடியும் என்று நட்டுப் பார்ப்பதற்காகப் போட்டது. அதாவது, தோட்டமே ஒரு பள்ளிக்கூடமாகத்தான் பிறந்தது.

நம் பால்யத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே அழைத்துப் போனார்கள். நாம் கண்டது என்ன? சிறுவர் ரயில் கண்டோம். அதில் இடம் பிடிப்பதற்காக ஒருவன் சட்டையை ஒருவன் கிழித்தோம். புல்தரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். வாத்தியார் விசிலை ஊதினார், திரும்பி வந்தோம். நூற்றாண்டு கண்ட மரங்கள் எத்தனையோ நமக்கு நிழல் கொடுத்தன. அவற்றில் ஒன்றின் பெயரையாவது கேட்கவேண்டுமென்று நமக்கும் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் 'நான் கண்ட பூங்கா' என்று ஒரு வியாசம் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் ரயிலைப் பற்றியே எழுதினோம்.

இனி, நாம் செய்த தவற்றுக்கு வருவோம்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், நம் பேத்தி படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. அவளுடைய தகப்பனாருக்கு வேலைக்குப் போகவேண்டியிருந்தபடியால் தாத்தாவாகிய நாம் போய் உட்கார்ந்தோம். விஞ்ஞானம் போதிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, இரண்டு யோசனைகளைச் சொன்னார். முதலாவது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவக்கரையிலுள்ள கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போவது. இரண்டாவது, மாதம் ஒரு முறை அவர்களை ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று பாடம் நடத்துவது.

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமலும், பேச வேண்டாத இடத்தில் பேசியும் பழகியவர்களாகையால் நாம் எழுந்தோம். "கல்லைப் பார்ப்பதற்குப் பஸ் எதற்கு, அம்மா? நம் ஊர் ரோட்டிலேயே வேண்டிய அளவு கிடக்கிறதே!" என்றோம். சபையில் நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் மேலும் சொன்னோம்: "ஏரிக்கரை விஷயம் பேச்சுக்கே இடமில்லை. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் யார் பொறுப்பு?"

"யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு ஒரு விசேஷ சக்தி உண்டு. எந்த நல்ல காரியத்தையும் அந்த இரண்டு சொல்லால் நிறுத்திவிடலாம். ஆசிரியை உட்கார்ந்துவிட்டார். முடிவில், சென்னைக்குச் சமீபத்திலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பஸ் பேசப்பட்டது. நம் பேத்தி அதிகாலையில் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பி வந்தாள். கொண்டு வந்தவை ஒரு தொப்பியும், நான்கு நாள் நீடித்த ஜலதோஷமும்.

அன்று நாம் அவ்வளவு கடுமையாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அதை அந்தச் சபையில் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறோம்.

நமக்குப் பத்து வயதிருக்கும்போது நமக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். ஒரே பெஞ்சு, ஒரே தெரு. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த கோடையில் யாரோ வண்டி வண்டியாக மண் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டிய இடத்தில் ஆள் மூழ்கும் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. மழை பெய்து நீர் ஏறியதும் குழி மறைந்து போயிற்று. மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்தான் இருக்கும் என்று தோன்றும். மாடு மேய்க்கும் கிழவர் ஒருவர் முந்திய நாள்தான் நம்மைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பனைக்கு நேரே இறங்காதே, அங்கே பள்ளம் இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினார். நாம் தலையை ஆட்டினோம். மறுநாள் சிநேகிதன் அந்தப் பனைக்கு நேரேதான் இறங்கினான். நாம் கரைமேல் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவனிடம் சொல்லவேண்டுமென்று நமக்கு நினைவு வரவில்லை.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதை விவரித்து நேயர்களின் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை. அதன் பிறகு நாம் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. ஏரிப் பக்கம் போகக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னோம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புலப்பட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைப் புலப்படுத்தியது நாம் கேலி செய்த அந்தக் கல்மரம்.

2025-ஆம் வருஷம் தை மாதத்தில் நம் உறவினர் ஒருவர் மலேசியாவிலிருந்து வந்திருந்தார். திருவக்கரை வக்கிரகாளியைத் தரிசிக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய பிரார்த்தனை. நாமும் பேத்தியும் உடன் போனோம். தரிசனம் முடிந்ததும் அவர், "இங்கே ஏதோ கல்லாய்ப் போன மரங்கள் இருக்கின்றனவாமே? கோலாலம்பூரில் ஒருவர் சொன்னார்" என்றார். கடல் கடந்து வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது! எல்லை தாண்டிச் சில மைல் தூரத்திலேயே ஆயுளைக் கழித்த நாம் உள்ளே நுழைந்ததில்லை. வெட்கத்தை மறைத்துக்கொண்டு, "வாருங்கள், காட்டுகிறேன்" என்று நெடுநாள் பழகியவர்போல் முன்னால் நடந்தோம்.

செம்மண் பூமி. முட்செடிகளுக்கு நடுவே பெரிய பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடந்தன. தூரத்தில் பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட மரம். தொட்டால் சில்லென்ற கல். பட்டையின் வரியும், உள்ளே வளையமும் அப்படியே இருக்கின்றன. அறுபது அடி தூரத்தில் விறகு. அரை அடி தூரத்தில் பாறை! இவற்றுக்கு வயது ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம் என்று சொல்லுகிறார்கள். சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் 1781-ஆம் வருஷத்திலேயே இவற்றைப் பற்றிக் குறித்திருக்கிறார். பூங்கா மொத்தம் சுமார் 247 ஏக்கர். பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் ஒரு சிறு பாகமே பார்வைக்குத் திறந்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அதைப் பாதுகாத்து வருகிறார்கள்.

உறவினர் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாம் நிழல் தேடிக்கொண்டிருந்தோம். பேத்தி மட்டும் ஒரு மரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் நடந்தாள். அடுத்த மரத்துக்குப் போய் அங்கேயும் அப்படியே செய்தாள். பிறகு வந்து, "தாத்தா, ஒன்றிலாவது கிளை இல்லையே, ஏன்? வேரும் இல்லையே?" என்று கேட்டாள்.

நாம், "கல்லானபோது உதிர்ந்திருக்கும், கண்ணு" என்றோம். தெரியாத கேள்விக்கு உடனே பதில் சொல்வது பெரியவர்களின் குலதர்மம் அல்லவா?

பக்கத்தில் நின்ற ஊழியர் ஒருவர் சிரித்தார். அவர் பதில் சொல்லவில்லை. அவளைப் பார்த்து, "பாப்பா, ஆத்துல வெள்ளம் வந்தப்ப மரம் அடிச்சுக்கிட்டு வந்ததைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டார்.

அவள் பார்த்திருக்கிறாள்! அதற்கு முந்திய மாதங்களில்தான் ஃபெஞ்சல் புயல் அடித்திருந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. பட்டணத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. சங்கராபரணி ஆறு இரு கரையும் புரண்டு வந்தது. பாலத்தின் மேல் நின்று ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்த்தபோது, நம் பேத்தியும் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அடிமரங்கள் உருண்டு வருவதையும், பாலத்தின் தூணில் மோதிக் கிளை முறிவதையும் கண்டிருக்கிறாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்படியென்றால் இந்த மரமெல்லாம் இங்கே முளைத்தவை இல்லை. எங்கேயோ முளைத்து, வெள்ளத்தில் வந்தவை. வரும் வழியிலேயே கிளையும் வேரும் உடைந்து போயின. அப்புறம் மணல் மூடிக்கொண்டது."

"அதேதான்" என்றார் ஊழியர். மணலுக்கடியில் மக்கிப் போகாமல் கிடந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறி ஊறிச் சென்று, நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் தங்கிக் கல்லாக்கிவிட்டது என்று பிறகு விளக்கினார். நாம் அதைப் பாதிதான் கேட்டோம். நம் மனம் வேறொன்றில் ஆழ்ந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு கோடி வருஷத்துக் கதையைத் திறந்த சாவி, தன் ஊர் ஆற்றில் அவள் கண்ட வெள்ளம்! அதைக் காணாதிருந்தால் இந்தக் கல்லும் வெறும் கல்லே. நாம் ஏரியையும் ஆற்றையும் மூடி வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தோம். பூட்டைக் கொடுத்துச் சாவியை ஒளித்து வைத்தவர்களுக்கும் நமக்கும் என்ன பேதம்?

அதற்குப் பிறகு இந்த விஷயமாகப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினோம். குழந்தைகளுக்குத் தோட்டமே பள்ளியென்று சொன்னவர்கள் நேற்று இன்று தோன்றியவர்கள் அல்லர். 1840-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ஃபுரோபெல் என்பவர் தம்முடைய பாலர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டினார். பொருள், குழந்தைகளின் தோட்டம். பதினோரு வருஷம் கழித்துப் பிரஷ்ய சர்க்கார் அந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழந்தைகளைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் நடுங்கியது! இன்று நம் தெருவுக்குத் தெரு அந்தப் பெயர்ப் பலகை தொங்குகிறது, தோட்டத்தைத்தான் காணோம். மகாகவி தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரத்தடியிலே வகுப்பை வைத்தார். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில், கையும் மண்ணும் கலந்த ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார், யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, மலையும் செடியுமாகச் சூழ்ந்த இயற்கையையே குழந்தைகளுக்குப் பாடமாக அமைத்தார்.

இவ்வளவு பேர் சொல்லியும் காரியம் நடந்ததா? 1991-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றமே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. நாம் என்ன செய்தோம்? அதற்கும் ஒரு புத்தகம் அச்சடித்து, நான்கு சுவர்களுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, 'சுற்றுச்சூழல் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தோம். 2020-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கல்விக் கொள்கையில், ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் பத்து நாட்கள் பிள்ளைகள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியவர்களிடம் போய்க் கற்க வேண்டுமென்று எழுதியிருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் போகும் இடத்தில் வரவேற்க ஓர் ஆள் வேண்டுமே!

இந்த இடத்தில்தான் சுற்றுலாவுக்கும் உறவுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் போய் வருவது சுற்றுலா. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பூங்கா ஒரு பக்கம் நின்று, 'இந்தப் பிள்ளைகள் நம் இருவருக்கும் பொது' என்று கைகோத்துக்கொள்வது உறவு.

அப்படிப்பட்ட உறவுக்கு உதாரணம் தேடி நாம் வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கர் நிலம் குப்பையும் இடிசல்களும் கொட்டும் இடமாகக் கிடந்தது. அதைச் சீர்திருத்தி, 2011-ஆம் வருஷத்தில் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டுத் திறந்தார்கள். அதைத் திறந்தபோது, நினைத்தவர் நினைத்தபடி நுழைந்து கடலை கொறிக்கும் பூங்காவாக வைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் குழு குழுவாக வந்து, வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்துக் கற்கும் இடமாக வைத்தார்கள்.

இன்னும் சமீபத்தில், ஆரோவில்லில் 2000-ஆம் வருஷத்தில் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. பரப்பு 50 ஏக்கர் இருக்கும். நம் கடற்கரைச் சீமைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு அழிந்து, கோயில் காடுகளில் மட்டும் திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்தது. வீரை, காசான், உலக்கைப்பாலை முதலிய அந்தக் காட்டு மரங்களை அங்கே தேடிக் கொணர்ந்து வளர்த்திருக்கிறார்கள். சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விதையும் மண்ணும் காட்டிக் கற்பிக்கிறார்கள். வாத்தியார் விசில் ஊதிவிட்டு நிழலில் உட்காருவதில்லை. கற்பிப்பதற்கென்றே தோட்டத்தார் ஒருவர் இருக்கிறார். முக்கியமான அம்சம் அதுவே.

"இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். நம் ஊரில் பூங்கா ஏது?" என்று சிநேகிதர் ஒருவர் கேட்டார். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. பிறகு எண்ணிப் பார்த்தோம். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியதான ஊசுட்டேரியைப் பறவைகளின் சரணாலயமாக 2008-இல் அறிவித்தார்கள். மற்றவற்றுக்குப் பெயர்ப் பலகையும் நுழைவுச்சீட்டும் இல்லையே தவிர, கரை இருக்கிறது, மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது. நம் ஊருக்குப் பக்கத்துச் சுத்துக்கேணியில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கஸால் பழங்கால ஈமச் சின்னங்களை அகழ்ந்தெடுத்து எழுதிய நூல் 1956-இல் வெளியாயிற்று. வடக்கே இரண்டு கோடி வருஷத்து மரம், பக்கத்தில் இரண்டாயிரம் வருஷத்து மனிதன், வாசலிலே ஏரி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பூங்கா இல்லை என்று பெருமூச்சு விடுவது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலை தேடுவதைப் போன்றது.

2025 ஜூனில் மறுபடியும் பெற்றோர் கூட்டம் வந்தது. இந்தத் தடவை யாரும் கேட்காமலே எழுந்தோம். எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சிரிக்கும்படியாக நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதனைப் பற்றிச் சொன்னோம். மாடு மேய்த்த கிழவர் கை நீட்டிக் காட்டியதையும், நாம் சொல்ல மறந்ததையும் சொன்னோம். வீட்டார் அறியாத அந்தச் செய்தியைச் சபையில் சொன்னபோது நாக்கு தடுமாறியது உண்மை.

"சென்ற வருஷம், யார் பொறுப்பு என்று கேட்டேன். பொறுப்பு நம்முடையது. நாம் போகாதே என்று சொன்னாலும் பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள், திருட்டுத்தனமாகப் போகிறார்கள். பள்ளம் எங்கே என்று தெரியாமல் போகிறார்கள். பெரியவர்கள் கூட இருந்து, பகலில், பள்ளத்தைக் காட்டி அழைத்துப் போனால் என்ன?" என்றோம்.

சபையில் நெடுநேரம் மௌனம். பிறகு விவாதம் நடந்தது; நல்ல வேளையாகக் காரசாரமாகவே நடந்தது. ஒரு தாயார், "ஐயா சொல்வது சரி, ஆனாலும் என் பிள்ளையை அனுப்பமாட்டேன்" என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். அவரைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை? சென்ற வருஷம் அந்த ஸ்தானத்தில் நின்றவர்கள் நாமே. அனுப்புகிறவர்கள் எழுதிக் கொடுத்து அனுப்பட்டும், மற்றவர்களை வற்புறுத்த வேண்டாம் என்று முடிவாயிற்று.

நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணை. தண்ணீரில் யாரும் கால் வைக்கக்கூடாது, கரையோடு சரி. மதகு திறந்து மூடும் விவசாயி ஒருவர் கூட வரவேண்டும். முதலுதவிப் பெட்டியும் நீண்ட கயிறும் எடுத்துப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தி, கோடை நீர் வற்றியிருக்கும்போதே ஏரியில் வெட்டிய பள்ளங்களை நேரில் பார்த்து அடையாளம் இடவேண்டும். அனுமதி கேட்டு எழுத வேண்டியவர்களுக்கு எழுதினோம். அனுமதி உடனே வரவில்லை. வந்தபோது, 'இந்த ஒரு முறைக்கு மட்டும்' என்று கண்டிருந்தது. அதுவும் போதுமென்று தலைமேல் வைத்துக்கொண்டோம்.

பள்ளத்தைக் காட்டும் வேலையை நாமே ஏற்றோம். அத்தனை வருஷத்துக்குப் பின்னர் அந்தக் கரையில் ஏறினோம். பழைய பனை இல்லை, அடிக்கட்டையும் இல்லை. ஆயினும் இடம் தெரிந்தது. அந்தப் பழைய பள்ளம் வண்டல் படிந்து தூர்ந்து போயிருந்தது. அதற்குச் சற்றுத் தூரத்தில் புதிதாக இன்னொரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. இதை யார் வெட்டினார்களோ! நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். கட்டும்போது கை நடுங்கிற்று. வயதானதனால் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டோம்.

குறித்த நாளில் முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். ஆசிரியை அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டம் கரையின் நீளத்தைக் காலடியால் அளந்தது. ஒரு கூட்டம் பறவைகளை எண்ணிற்று. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள், முக்குளிப்பான் நீரில் மூழ்கி வேறிடத்தில் எழுந்ததைக் கண்டு, அதை ஒன்றென்று எழுதுவதா இரண்டென்று எழுதுவதா என்று சண்டையிட்டார்கள். மூன்றாவது கூட்டம் ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தது. ஒன்றரை மீட்டர் இருந்தது. பனையின் நிழலை அளந்தது, பதினெட்டு மீட்டர். "அப்படியானால் பனை பன்னிரண்டு மீட்டர்!" என்று ஒரு பையன் கத்தினான். கணக்கில் அவனுக்கு எப்போதும் ஒற்றை இலக்கமே கிடைக்கும் என்று ஆசிரியை நம் காதோடு சொன்னார். மரம் ஏறாமல் மரத்தின் உயரம் கண்ட பெருமை அவன் முகத்தில் பிரகாசித்தது.

மதகுக்கார விவசாயிதான் அன்றைய மகா வித்துவான். தண்ணீர் மதகு வழியாக எந்த வாய்க்காலில் எந்த வயலுக்குப் போகிறது, ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக மிச்சம் எப்படி அடுத்த ஏரிக்குப் போகிறது, வாய்க்காலை ஒருவர் அடைத்தால் ஊரார் அனைவருக்கும் என்ன கதி என்பதையெல்லாம் கையாலும் கோலாலும் மண்ணில் கோடு போட்டு விளக்கினார். அவர் பள்ளிப் படிப்பு அதிகம் படித்தவரல்லர். முப்பத்தொரு பேர் தம்மை 'ஐயா, ஐயா' என்று கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அவருடைய குரல் ஒரு சமயம் கம்மிப் போயிற்று. அன்று முதல் அவர் அந்தப் பள்ளியை 'நம்ம பள்ளிக்கூடம்' என்று சொல்லுகிறார். நாம் மேலே சொன்ன உறவு என்பது இதுதான், வேறொன்றுமில்லை.

கடைசியாக, சிவப்புத் துணி கட்டிய இடத்துக்கு நேரே கரைமேல் எல்லோரையும் நிறுத்தினோம். கிழவர் நமக்குக் காட்டியது போலவே கையை நீட்டிக் காட்டினோம். "மழை பெய்தால் இந்தத் துணி கிழிந்துவிடும், மூங்கில் சாய்ந்துவிடும். ஆகையால் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வராத உங்கள் தம்பி தங்கைகளுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைக்காதீர்கள்" என்றோம்.

முப்பத்தொரு பேரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதற்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொருவரையும் வாய் திறந்து சொல்லச் சொன்னோம்.

அடுத்த நடைக்கு மறுபடியும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வரும் வரையில் மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறோம். அன்றைக்கு அனுப்பமாட்டேன் என்ற தாயார், நேற்றுக் கடைத்தெருவில் நம்மைக் கண்டு, "ஐயா, அடுத்த தடவை எப்போது?" என்று விசாரித்தார். அவருடைய பையன் அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தை வீட்டுச் சுவரில் கரியால் படம் போட்டு வைத்திருக்கிறானாம். அவன் அன்று வந்தவன் அல்லன். வந்தவர்களில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.